மூக்குப் பாரம்

பாரம் என்றால் எனக்குப் பக்தி. கடவுள் விஷயத்தில் அவ்வளவு இல்லை. அதை என் மனைவி யோகராணி இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறாள். மொன்றியல் துறைமுகத்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் பதினொரு வருடமாகக் கொள்கலன்களுக்குள் சரக்கு அடுக்குகிறேன். நாற்பது அடிப் பெட்டிக்குள் இருபது தொன் சாமானை அடுக்கிக் கதவைப் பூட்டினால், கிரேன் தூக்கும்போது அந்தப் பெட்டி ஒரு பக்கமும் சரியாமல் நேராக மேலே போகவேண்டும். நான் அடுக்கினது போகும். இன்றைக்கும் அதை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். கூட வேலை செய்யும் பற்றிக் என்பவன் என்னைப் பார்த்துச் சிரிப்பான். சிரிக்கட்டும். இருபது தொன் ஆகாயத்தில் அசையாமல் நிற்பதைப் பார்த்து அதிசயப்படாதவனுக்கு வேறு எதைக் காட்டி என்ன.

2004 பெப்ரவரியில் அதே பாரம் என் இடது காலில் விழுந்தது. யாரோ அவசரத்தில் அடுக்கிய தரை ஓடுகள். மூன்று சத்திரசிகிச்சை, எட்டு மாதம் ஊன்றுகோல். நடுவில் ஒருநாள் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வரலாம் என்றும் டாக்குத்தர் சொன்னார். அந்த எட்டு மாதத்தைப் பற்றி நானும் கதைப்பதில்லை, யோகாவும் கதைப்பதில்லை. கால் தப்பிவிட்டது. உள்ளே பதினொரு திருகாணி இருக்கிறது. திரும்ப வேலைக்குப் போனாலும் ஃபோர்க்லிஃப்டில் இருந்தபடிதான் வேலை. கையால் ஒன்றும் தூக்குவதில்லை. டாக்குத்தர் கவனமாக இருக்கச் சொன்னார், நான் அதைத் தூக்கவே கூடாது என்று எடுத்துக்கொண்டேன். பயம் என்று சொல்ல வெட்கம். கடையில் வாங்கும் அரிசிச் சாக்கை இரண்டு மாடி ஏற்றிக்கொண்டு வருவது யோகாதான். நான் முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடிப்பேன்.

இப்படிப்பட்ட என்னிடம்தான் ஞானேந்திரன் அண்ணை தன் ட்ரெயிலரைக் காட்டினார். பேக்கரி ஒன்றுக்குப் பாண் லொறி ஓட்டுகிற மன்னார் ஆள், நகரத்துக்கு மேற்கே கர்க்லாண்டில் வீடு. ஒருநாள் போய்ப் பார்த்தால், வாசலில் பத்தொன்பது அடி நீளத்தில் ஒரு வீடு சக்கரத்தில் நிற்கிறது. 1987ஆம் ஆண்டுக்காரி. ஒரு அச்சு, இரண்டு சக்கரம். உள்ளே அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பின்பக்கம் கட்டில், முன்பக்கம் ஒரு மேசையும் எதிரெதிர் இருக்கையும். கதவடியில் தரை உக்கிப்போய்க் கால் புதைந்தது.

"இதை என்ன செய்யப் போறியள்?" என்றேன்.

அண்ணை வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். அவருடைய மனைவி மாக்கிரட் அக்காதான் சொன்னார். "சென்ற் ஆன் கோவில் திருநாளுக்குப் போறதுக்கு."

மாதாவின் தாயான சென்ற் ஆனை எங்கள் பக்கத்தில் அன்னம்மாள் என்பார்கள். கியூபெக் நகரத்துக்கு அங்கால் இருக்கும் அவருடைய கோவிலுக்கு எங்கள் தமிழ்ச் சனம் ஒவ்வொரு ஜூலையும் பஸ் பிடித்துப் போவது வழக்கம். போய்க் கும்பிட்டுவிட்டு அன்றைக்கே திரும்பி வருவார்கள். அக்காவுக்கு அது பிடிக்காது. "திருநாள் எண்டால் கோவிலடியில கிடந்து, சமைச்சு, வாற சனத்துக்குக் குடுத்து, நாலு நாள் இருக்க வேணும் தம்பி. மெழுகுதிரி கொளுத்திப்போட்டு அஞ்சு மணிக்கு பஸ் ஏறுறது சுற்றுலா."

"மோட்டலில நில்லுங்கோவன்."

"மோட்டலில ஆர் எனக்கு நூறு பேருக்குச் சோறு காய்ச்ச விடுவான்?"

மறுநாளே கருவிப் பெட்டியோடு போனேன்.

2006ஆம் ஆண்டு வசந்தகாலத்துச் சனிக்கிழமைகள் எல்லாம் அந்த ட்ரெயிலரோடுதான் போயின. உக்கின தரையை வெட்டி எடுத்துப் புதுப் பலகை போட்டோம். கூரைப் பொருத்துகளில் பழைய பசையைச் சுரண்டிப் புதிதாகப் பூசினோம். சக்கரங்களைக் கழற்றி, பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிறீஸை உள்ளங்கையில் வைத்து ஒவ்வொரு குண்டுக்குள்ளும் ஏறும்வரை அழுத்தினேன். பத்தொன்பது வருடம் ஓடின பேரிங். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு கீறல் இல்லை. அதைச் செய்தவன் எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் யாருக்கும் பெயர் தெரியாமல் இருந்திருப்பான். அவனை நினைத்து எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பிரேக் விஷயத்தில்தான் அண்ணையோடு சண்டை. ட்ரெயிலர் சக்கரங்களுக்கென்று தனியாக மின்சாரப் பிரேக் இருக்கிறது. அதை வேலை செய்யவைக்க, ட்ரெயிலரை இழுத்துப்போகும் அண்ணையின் வானுக்குள் ஒரு சின்னப் பெட்டி பூட்டவேண்டும் என்றேன்.

"வானில பிரேக் இருக்குத்தானே ரவி."

"வான் நிண்டிடும் அண்ணை. பின்னால வாறது நிக்க வேண்டாமோ?"

பூட்டினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே, கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு சின்ன லீவர். காலால் வானின் பிரேக்கைத் தொடாமல், கையால் அந்த லீவரைத் தள்ளினால் ட்ரெயிலர் மட்டும் பிரேக் பிடிக்கும். ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கினால் அதை நிறுத்த இருக்கிற வழி அது ஒன்றுதான். அண்ணையை வானுக்குள் இருத்திவைத்துக் கேள்வி கேட்பேன்.

"ஆடத் தொடங்கினால்?"

"எண்ணெய்ப் பெடலில இருந்து காலை எடுப்பன். பிரேக்கில கால் வைக்கமாட்டன். ஸ்டியரிங்கை வெட்டமாட்டன். லீவரைத் தள்ளுவன்."

"திருப்பிச் சொல்லுங்கோ."

மாக்கிரட் அக்கா தேத்தண்ணியோடு வந்து, "ஞானோபதேச வகுப்பு இன்னும் முடியேல்லையோ?" என்பார், கோவிலில் பிள்ளைகளுக்கு வேதத்தை மனப்பாடம் செய்விக்கிற வகுப்பைச் சொல்லி. நான் சிரிக்கமாட்டேன். அந்த வானில் அவர்களோடு அவர்களுடைய மகள் லக்சனா போகப்போகிறாள். லக்சனா போனால் என் மகள் வினோஜாவும் அதே வானில்தான் போவேன் என்று நிற்பாள். எட்டு வயது, எங்களுக்கு ஒரே பிள்ளை. ஒவ்வொரு திருகாணியையும் முறுக்கும்போது அவள் முகம் என் முன்னால் நின்றது.

கடைசியாக மூக்குப் பாரம். ட்ரெயிலரின் முன்முனை வானின் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டில் வந்து உட்காருகிறதே, அதை நாங்கள் மூக்கு என்போம். முழுப் பாரத்தில் பத்தில் ஒன்றுக்குக் குறையாமல் அந்த மூக்கில் இறங்கவேண்டும். குறைந்தால் வால் ஆடும், கூடினால் வான் குந்தும். இதை அளக்கக் குளியலறைத் தராசு ஒன்றும் ஒரு பலகையும் போதும். பலகையின் ஒரு முனைக்குக் கீழே கட்டை, மறுமுனைக்குக் கீழே தராசு. மூக்கைக் கட்டைப் பக்கமாக மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இறக்கினால் தராசு மூன்றில் ஒரு பங்கைக் காட்டும். ஒன்றரைத் தொன் வீடு தன் இரகசியத்தை ஒரு குளியலறைத் தராசில் சொல்லிவிடுகிறது. எத்தனை முறை செய்தாலும் எனக்கு அலுக்காது.

அதற்காக எங்கள் வீட்டுத் தராசை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது யோகா வாசலில் மறித்தாள்.

"அது சரியாக் காட்டுதோ எண்டு பாத்தனீங்களோ? ஏறி நில்லுங்கோ பாப்பம்."

ஏறினேன். எண்பத்திரண்டு கிலோ. யோகா குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, "சரி, போங்கோ" என்றாள். என் வண்டி வயிற்றைக் கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

அது வியாழக்கிழமை. பாத்திரம் பண்டமெல்லாம் ஏற்றி முடித்திருந்த ட்ரெயிலரின் மூக்கை அளந்தேன். தராசு அறுபது காட்டியது, அப்படியென்றால் நூற்றெண்பது. அச்சொட்டாக இருந்தது. மூக்கின் இரும்பில் சோக்கால் 180 என்று எழுதிவிட்டு, ஒருவரும் ஒன்றையும் அசைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை யோகா மாக்கிரட் அக்காவுக்குச் சமையலில் உதவி செய்ய வினோஜாவையும் கூட்டிக்கொண்டு அங்கே போய்த் தங்கிவிட்டாள். நான் சனிக்கிழமை காலை ஏழரைக்கு என் காரில் போய்ச் சேர்ந்தேன். வாசலில் சனம். முந்தின நாள் பின்னேரம் பங்குச் சுவாமி வந்து ட்ரெயிலரை மந்திரித்து ஆசீர்வதித்திருக்கிறார், அதற்கு வந்த பாதிக் கூட்டம் வழியனுப்பத் திரும்பவும் வந்து நிற்கிறது. உள்ளே முன்பக்க மேசையில் நீல வெல்வெட் விரித்து மாதா சுருவம். நல்ல வடிவு. சிலை ஆறு கிலோ இருக்கும், பாதகமில்லை என்று கணக்குப் போட்டேன்.

மூக்கைத் தூக்கிவைத்திருந்த ஜாக்கியின் கைபிடியைச் சுற்றினேன். அன்றைக்கு அது பூப்போலச் சுற்றியது. நான் போட்ட கிறீஸ் வேலை செய்கிறது என்று நினைத்து உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்ததுபோல இருந்தது. அண்ணையின் வாசல் சரிவுதானே என்று விட்டுவிட்டேன். சங்கிலி, விளக்கு, காற்று எல்லாம் பார்த்தேன். தராசு என் காரின் பின்பெட்டிக்குள்ளேயே கிடந்தது, எடுத்திருக்கலாம். வியாழக்கிழமை அளந்தவன் நான்தானே என்ற எண்ணம் என்னை எடுக்கவிடவில்லை.

வினோஜா என் கையைப் பிடித்து, "நான் லக்சனாவோட வானில போறன் அப்பா, ப்ளீஸ்" என்றாள்.

"போ. பெல்ட்டைப் போடு" என்றேன். அதைச் சொன்னதும் நான்தான்.

வான் முன்னால் போனது, பின்னால் என் காரில் நானும் யோகாவும். நாற்பதாம் நெடுஞ்சாலையில் நல்ல வெயில். அண்ணை நான் சொன்னபடி தொண்ணூறைத் தாண்டவில்லை. நான் யோகாவுக்கு மூக்குப் பாரத்தை விளங்கப்படுத்திக்கொண்டு வந்தேன். பாரம் எவ்வளவு என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம் என்று சொன்னேன். யோகா ட்ரெயிலரின் பின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

துருவா ரிவியேர் நகரம் தாண்டி அரைமணி நேரம் இருக்கும். இறக்கத்தில் ஒரு பெரிய லொறி எங்களை முந்திக்கொண்டு போய் வானையும் முந்தியது. அதன் காற்று பட்டதும் ட்ரெயிலரின் பின்பகுதி ஒரு சாண் வலப்பக்கம் போனது. திரும்பி வந்தது. நிற்கும் என்று நினைத்தேன். இடப்பக்கம் இரண்டு சாண் போனது. அடுத்த முறை பாதையின் வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. அதற்கு அடுத்த முறை வானின் பின்புறத்தையே இழுத்துக்கொண்டு போனது. அந்த வானின் பின் இருக்கையில் என் பிள்ளை இருக்கிறாள்.

நான் கத்தினேனா தெரியாது. யோகா என் கையைப் பிடித்தது மட்டும் நினைவிருக்கிறது. ஒரு பக்கச் சக்கரம் நிலத்தை விட்டு எழும்பினதைக் கண்டேன். சக்கரத்துக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது. என் வாழ்நாளில் நான் கும்பிட்ட பாரம் என் கண்ணுக்கு முன்னால் தன் முழு உருவத்தையும் காட்டியது. அதற்கு யாரையும் தெரியாது, யார் பிள்ளை என்றும் கேட்காது.

அண்ணை பிரேக்கை மிதிப்பார், எவனும் மிதிப்பான், மிதித்தால் முடிந்தது என்று நினைத்தேன். வானின் பிரேக் விளக்கு எரியவில்லை. எரியவே இல்லை. பதிலாக ட்ரெயிலரின் சக்கரங்களில் இருந்து மெல்லிய புகை கிளம்பியது. லீவரைத் தள்ளிவிட்டார். அகலமாக ஆடியது குறுகியது, குறுகினது நடுங்கியது, பிறகு நேரானது. முழுக்க முப்பது விநாடி இருக்கும். அந்த ஆள் பிரேக்கைத் தொடவில்லை. மனைவியும் பிள்ளைகளும் கத்திக்கொண்டிருக்க, காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு ஒரு விரலால் லீவரைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் ஞானோபதேசத்தை மறக்கவில்லை. அண்ணையை நினைத்தால் எனக்கு இப்போதும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

ஊர்ந்து ஊர்ந்து இரண்டு கிலோமீற்றர் போய், பாதையோரத்து இளைப்பாறும் தரிப்பிடத்தில் நிறுத்தினார். நான் ஓடிப்போய் வானின் கதவை இழுத்தேன். வினோஜா பெல்ட்டுக்குள் இருந்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பா, கப்பல் மாதிரி ஆடிச்சுது. ஆங்கோர்."

பிரெஞ்சில் கேட்கிறாள், இன்னொருக்கா வேணுமாம். அவளை இழுத்து என் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். பிறகு விட்டுவிட்டேன், ஏனென்றால் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அண்ணையைக் கொண்டு ட்ரெயிலரைக் கழற்றுவித்தேன். தராசையும் பலகையையும் எடுத்துவந்து மூக்கை இறக்கினேன். இருபத்திரண்டு. மூன்றால் பெருக்க அறுபத்தாறு. பக்கத்தில் என் கையெழுத்தில் 180 என்று சோக் எழுத்து அப்படியே இருந்தது.

"பின்னுக்கு என்ன ஏத்தினனீங்கள்?" என்றேன். தரிப்பிடத்தில் நின்ற பிரெஞ்சுக் கிழவர் ஒருவர் நாயோடு திரும்பிப் பார்த்தார்.

மாக்கிரட் அக்கா செபமாலையைக் கையில் சுற்றியபடி வந்தார். "நேற்றுப் பின்னேரம் வந்த சனம் எல்லாம் திருநாள் சமையலுக்கெண்டு கொண்டுவந்து தந்ததுகள் தம்பி. கோவிலுக்குக் குடுக்கிறதை வேண்டாம் எண்டு சொல்லேலுமே?"

"பின்னுக்கோ வைக்கிறது?"

"முன்னுக்கு மாதா. அவவுக்கு முன்னால சட்டி பானையைக் குமிச்சு வைக்கிறதோ எண்டு ஆக்கள் கேட்டவை. கட்டிலுக்குக் கீழ இடம் கிடந்துது."

"மாதா கேட்டவவோ? மாதா சொன்னவவோ தனக்கு முன்னால சட்டி வைக்கக்கூடாதெண்டு? என்ர பிள்ளை வானுக்குள்ள இருந்தவள் அக்கா."

"என்ர பிள்ளையும் இருந்தவள்" என்றார் அக்கா.

வாய் நின்றதும் கை தொடங்கியது. பின்பக்கக் கட்டிலடிக் கதவை வெளியிலிருந்து திறந்து ஒவ்வொன்றாக இழுத்தேன். செபஸ்தியாம்பிள்ளை வீட்டுப் பெரிய அலுமினியச் சட்டி, அதற்குள் முப்பது தேங்காய். கத்தரின் அக்காவின் கல் கிரைண்டர். ஐஸ் பெட்டி நிறைய ஆட்டிறைச்சி. ஊரே சேர்ந்து அன்பை எங்கே வைக்கக்கூடாதோ அங்கே வைத்திருக்கிறது. அவற்றை அண்ணை எடுத்துப்போய் அச்சுக்கு நேர் மேலே வைத்தார். கடைசியில், வாலின் நுனியில், சுவரோடு சாத்தி அரிசிச் சாக்குகள். இவ்வளவு பாரத்தை இதைவிட மோசமான இடத்தில் வைக்க உலகத்தில் ஒருவனாலும் முடியாது.

"இது எந்த அறிவுகெட்ட வீட்டு அரிசி?"

மாக்கிரட் அக்கா யோகாவைப் பார்த்தார், யோகா நிலத்தைப் பார்த்தாள்.

"அரிசியை மாதாவின்ர காலடியில வைக்கலாம் தம்பி" என்றார் அக்கா. "அது காணிக்கைதானே. முன்னுக்குத்தான் வைக்க வேணும்."

முதல் சாக்கை இழுத்துத் தோளில் ஏற்றினேன். பதினெட்டுக் கிலோ. ட்ரெயிலரைச் சுற்றி நடந்து, படியேறி, மேசைக்குக் கீழே போட்டேன். திரும்பி வந்து இரண்டாவதைத் தூக்கினேன். அண்ணை கையை நீட்டி, "ரவி, உன்ர காலடா, தா இஞ்ச" என்றார். நான் சீறுவதற்கு முன்னாலேயே யோகா அவருடைய சட்டைக் கையைப் பிடித்தாள்.

"விடுங்கோ அண்ணை. அவர் தூக்கட்டும்."

கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். நல்லது, நானும் கோபத்தில்தான் இருக்கிறேன். மூன்றாவது சாக்கு. நாலாவது சாக்கு. அதன் பிறகு ஒன்பது கிலோச் சின்னச் சாக்கு ஒன்று. வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே ஏற்றினேன். யோகா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிள்ளை தப்பின பதற்றம் இப்போதுதான் வருகிறது என்று நினைத்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் மூலையில் இன்னும் ஒன்று. கடைப் பையில் போட்டு முடிச்சிட்ட ஒரு கிலோ அரிசி.

"இதென்ன? நூறு பேருக்குச் சமைக்க ஆர் ஒரு கிலோவை முடிஞ்சு குடுத்தது?" என்று நக்கலாகக் கேட்டேன்.

கேட்டபடியே தலைக்குள் கூட்டல் நடந்தது. அது என் தொழில் வியாதி, பாரத்தைக் கண்டால் கூட்டாமல் இருக்க வராது. நாலு பதினெட்டு எழுபத்திரண்டு. ஒன்பது, எண்பத்தொன்று. ஒன்று.

எண்பத்திரண்டு.

தராசு எனக்குப் பக்கத்தில் புல்லில் கிடந்தது. ஏறி நில்லுங்கோ பாப்பம் என்று அவள் சொன்னதும், குனிந்து உற்றுப் பார்த்ததும் நினைவில் வந்தன. நான் அந்த ஒரு கிலோவைக் கையில் வைத்துக்கொண்டு யோகாவைப் பார்த்தேன்.

"யோகா. இது நானோ?"

அவள் தலையாட்டினாள்.

"காலை எடுக்க வேண்டி வரும் எண்டு டாக்குத்தர் சொன்ன அண்டைக்கு மாக்கிரட் அக்காதான் என்னை அன்னம்மாவின்ர கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனவ. நான் சைவக்காரி, எனக்கு அவையின்ர மன்றாட்டு ஒண்டும் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச மாதிரி நேர்ந்தனான். அந்தக் காலோட அவர் எழும்பி, தன்ர எடைக்கு எடை அரிசியைத் தன்ர தோளிலயே தூக்கிக்கொண்டு வருவார் எண்டு."

"ரெண்டு வருசம் யோகா. ஒரு வார்த்தை சொல்லேல்லை நீர்."

"சொன்னால் சிரிப்பியள். சிரிச்சாலும் பறவாயில்லை." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏலாது, கால் தாங்காது எண்டு நீங்கள் சொல்லியிருந்தால் நான் என்ன செய்யிறது?"

அப்போதுதான் என் காலைப் பார்த்தேன். இரண்டு வருடமாகப் பாரம் ஒன்றும் தாங்காது என்று நான் முடிவு கட்டியிருந்த கால். ஐந்து முறை படியேறி இறங்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலச் செருப்புக்குள் நின்றது. வலிக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். வலித்தது, கொஞ்சம். அது எப்போதும் வலிக்கிற வலிதான்.

பாரத்தைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் என்று சொல்லிக்கொண்டு திரிகிற எனக்கு, எட்டு மாதம் ஊன்றுகோலில் தொங்கின என்னை ஒருத்தி இரண்டு வருடமாகத் தனக்குள் வைத்துச் சுமந்தது தெரியவில்லை. எங்கள் வீட்டு இரண்டு மாடியில் அவள் அரிசிச் சாக்கோடு ஏற, நான் கதவைத் திறந்து பிடித்தேனே, அப்போதெல்லாம் அவள் என்ன நினைத்துக்கொண்டு ஏறியிருப்பாள். அந்தத் தரிப்பிடத்தில் அவளைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும்போல இருந்தது. கூச்சத்தில் அவளுடைய கையை மட்டும் பிடித்தேன்.

திரும்ப மூக்கை அளந்தேன். அறுபத்துமூன்று. மூன்றால் பெருக்க நூற்றெண்பத்தொன்பது. ஏற்றியிருக்கும் பாரத்துக்கு அதைவிடச் சரியாக அமையாது. அண்ணை சோக்கை வாங்கி, பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதினார்.

வினோஜா வானுக்குள் லக்சனாவுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுவிட்டாள். கதவடியில் நின்றேன். எங்கட காருக்கு வா என்று சொல்ல வாய் வந்தது. அண்ணை ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவளுடைய பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

போர்ட்நெஃப் பக்கம் மறுபடியும் ஒரு லொறி முந்தியது. முதல் லொறியைவிடப் பெரியது. யோகாவும் நானும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். ட்ரெயிலர் அசையவில்லை. அதே வீடு, அதே பாரம், அதே காற்று. காலையில் வாலில் இருந்து என் பிள்ளையைக் கவிழ்க்கப் பார்த்த அந்த எண்பத்திரண்டு கிலோ இப்போது முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு அவளைப் பத்திரமாகக் கொண்டுபோகிறது. அதன் பின்னாலேயே ஓட்டினேன்.

பின்னேரம் கோவிலடியில் ட்ரெயிலரை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தோம். சமைக்க முன்னம் அரிசியைக் கோவிலுக்குள் கொண்டுபோய் மந்திரித்து எடுக்கவேண்டும் என்றார் மாக்கிரட் அக்கா. பிறகு மெல்லக் கேட்டார். "தம்பி ஏற்கெனவே தூக்கினதுதானே. அதை அன்னம்மா கணக்கில எடுக்க மாட்டாவோ?"

"அது கோவத்தில தூக்கினது அக்கா. அது வேற."

முதல் சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறினேன். உள்ளே வாசலடித் தூண்களில், நிலத்திலிருந்து என் தலைக்கு மேலே எட்டாத உயரம்வரை, ஊன்றுகோல்கள். சுகமாகிப் போனவர்கள் விட்டுவிட்டுப் போனவையாம். மரத்தில் செய்தவை, இரும்பில் செய்தவை, பிள்ளைகளுக்கான சின்னவை. எத்தனை ஆயிரம் பேருடைய பாரத்தைத் தாங்கின தடிகள் அவை. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். தோளில் சாக்கோடு, கிரேனுக்குக் கீழே நிற்பதுபோல வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த யோகா என்னை அவசரப்படுத்தவில்லை.

ஐந்து சாக்கும் உள்ளே போய்விட்டன. ஒரு கிலோப் பை மட்டும் மீதி. அதைத் தான் கொண்டுவருவேன் என்று வினோஜா வாங்கிக்கொண்டாள். இந்த அரிசி முழுக்க அப்பாவின் எடை என்று லக்சனா அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். பாதிப் படியில் நின்று பையைத் தூக்கிக் காட்டிக் கேட்டாள்.

"அப்பா, இது உங்கட எது?"

"இடது கால்" என்றேன்.

அவள் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து ஏறினாள்.